ஃப்ரோஸன் பாக்கெட்டுக்குச் செவுள் எங்கே இருக்கு?

போன ஜூலையில் என் பெரியப்பா மகள் அக்கா பாரிஸிலிருந்து குடும்பத்தோடு காரைக்கால் வந்திருந்தார். ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், ஆனால் நிர்வாகம் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. அதனால் ஜூலை, ஆகஸ்ட் வந்தால் எங்கள் தெருவில் பிரெஞ்சு பேசிக்கொண்டு சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

அக்கா மகனுக்கு 11 வயசு. மூணு நாள் மீன் குழம்பு, சாம்பார், தோசை எல்லாம் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டான். நாலாம் நாள் மெதுவாக, "மாமா, பீட்சா கிடைக்குமா?" என்றான். பையன் கேட்டுவிட்டானே என்று ஒரு கடையின் டீப் ஃப்ரீசரிலிருந்து ஒரு ஃப்ரோஸன் பீட்சாவை எடுத்து வந்தேன். பெட்டியைப் பிரித்தால் சீஸ் முழுக்க ஒரு ஓரமாக ஒதுங்கி, அங்கேயே மலை மாதிரி உறைந்து கிடக்கிறது. மறுபக்கம் வெறும் ரொட்டி. வேகவைத்தபோது நடுவில் சொதசொத, விளிம்பில் செருப்புத் தோல்.

அக்கா ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, இது செங்குத்தா நிக்க வச்சப்போ உருகியிருக்கு. அப்புறம் மறுபடி உறைஞ்சிருக்கு. இதைப் பிள்ளைக்குக் குடுக்காத."

எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு வருஷம் முன்னால் என் பையன் சிக்கன் நக்கெட்ஸ் சாப்பிட்ட ராத்திரி விடிய விடிய வாந்தி எடுத்தான். டாக்டர், "எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். அந்தப் பாக்கெட்டில் நக்கெட்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்ததும், நான் அதைக் கத்தியால் குத்திப் பிரித்ததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் பார்க்கத் தெரியாமல் வாங்கியிருக்கிறேன் என்பது நிச்சயம். அதற்கப்புறம் சில மாதம் இதைப் பற்றிப் படித்தும், ஊரில் ஃப்ரீசர் ஃப்ரீசராக எட்டிப் பார்த்தும் சேர்த்த குறிப்புகள்தான் இது.

முதலில் நான் கேட்டதே தப்பான கேள்வி. எந்த பிராண்ட் நல்ல பிராண்ட் என்று தேடினேன். ஃபாக்டரியை விட்டுக் கிளம்பும்போது பெரிய பிராண்டுகளில் அநேகமாக எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மெக்கெய்ன் கம்பெனியின் இந்திய ஃபாக்டரி குஜராத்தில் மெஹ்சானாவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் பாக்கெட் காரைக்கால் வர ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். பெரிய லாரி குளிரூட்டப்பட்டதுதான், பெரிய ஊர்க் குடோனும் அப்படித்தான். அங்கிருந்து எங்களைப் போன்ற கடைக்கோடி ஊருக்கு வருகிற சின்ன வண்டி, கடை வாசலில் இறக்கி வைத்த அரை மணி நேரம், கடைக்காரரின் ஃப்ரீசர் — கோளாறு எல்லாம் இந்த வால் பகுதியில்தான். விதிப்படி வழி நெடுக மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். மே மாத வெயிலில் அது எப்படி நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏன் மைனஸ் 18, உருகி உறைந்தால் என்ன கெட்டுப்போகிறது? அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கடும் குளிரில் பிடித்த நொடியே விறைத்துப்போகும் மீன் மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதுசு போல இருப்பதைக் கவனித்தார். இன்றைய ஃப்ரோஸன் தொழில் அந்தக் கவனிப்பிலிருந்து வந்தது. விஷயம் வேகம்தான். உணவிலுள்ள தண்ணீரின் பெரும்பகுதி 0-விலிருந்து மைனஸ் 5 டிகிரிக்குள் உறைகிறது. அந்த இடைவெளியைச் சட்டென்று தாண்டினால் பனிப் படிகங்கள் பொடிப்பொடியாக இருக்கும். மெதுவாகத் தாண்டினால் பெரிய ஊசிகளாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழித்துவிடும், பிறகு உருகும்போது சாறெல்லாம் வெளியே ஓடிவிடும். ஃபாக்டரி வேகமாக உறைய வைக்கிறது. கடை ஃப்ரீசருக்கு அந்தச் சக்தி கிடையாது. அதன் வேலை உறைந்ததை அப்படியே வைத்திருப்பது மட்டும்தான். ஒரு தடவை உருகியதை அது மறுபடி உறைய வைத்தால், மெதுவாக, பெரிய படிகங்களோடுதான் உறையும்.

கிருமி விஷயம் வேறு. உறைநிலை கிருமிகளைத் தூங்க வைக்கும், எல்லாவற்றையும் கொல்லாது. உருகினால் எழுந்து வேலையைத் தொடரும். "நல்லா பொரிச்சுட்டா போச்சு" என்பதும் முழு உண்மை இல்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சு, கிருமி செத்த பிறகும் சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு ஒரே ஆச்சரியம், நான் படித்ததில் அல்ல, பார்க்காமல் வாங்கியதில். "செவுளைத் தூக்கிப் பாக்காம மீன் வாங்குவியாடா?" என்றார். "பாக்கெட்டுக்குச் செவுள் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கிண்டலாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை.

பதில் அடுத்த வாரம் கிடைத்தது: பட்டாணி.

ஃப்ரோஸன் பட்டாணியை ஃபாக்டரியில் கட்டியாக உறைய வைப்பதில்லை. வெந்நீரில் சற்றே புரட்டி எடுத்து, துளையிட்ட பெல்ட்டில் ஓடவிட்டு, கீழிருந்து கடுங்குளிர் காற்றை ஊதுவார்கள். ஒவ்வொரு மணியும் காற்றில் துள்ளியபடியே தனித்தனியாக உறையும். அதனால் நல்ல பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கினால் கோலிக்குண்டு மாதிரி சலசலக்கும். அது ஒரு தடவை உருகினால் மேலே ஈரம் கசியும், மறுபடி உறையும்போது அந்த ஈரம் பசையாகி மணிகளை ஒட்டிவிடும். பாக்கெட் செங்கல் ஆகிவிடும். அதைக் கடைக்காரரால் மறைக்கவே முடியாது.

எங்க தொழிலில் சர்வர் ராத்திரி விழுந்து எழுந்ததா என்று யாரையும் கேட்க மாட்டோம், லாக் ஃபைலைத் திறந்து பார்ப்போம். பட்டாணிப் பாக்கெட்தான் அந்த ஃப்ரீசரின் லாக் ஃபைல். பீட்சா வாங்கப் போனாலும் முதலில் பட்டாணியைக் குலுக்குங்கள். பட்டாணி சின்னது, சீக்கிரம் உருகும். பட்டாணி தப்பித்திருந்தால் பக்கத்தில் இருக்கும் பெரிய பெட்டி அந்த ஃப்ரீசரில் இருந்தவரை உருகியிருக்க வாய்ப்பு குறைவு. (கடைக்கு வருவதற்கு முன்பே உருகியிருந்தால் பட்டாணி சாட்சி சொல்லாது. அதற்குத்தான் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்ப்பது. சீஸ், மேல்தூவல் எல்லாம் ஒரு பக்கமாகக் கனக்கிறதா என்று தெரியும்.) கவனம் ரெண்டு: நேற்று வந்த பட்டாணிக்கு ஒன்றும் தெரியாது, அடியில் கிடக்கும் பழைய தேதிப் பாக்கெட்டை எடுங்கள். கம்பெனி சீல் இல்லாத கவரில் கடையிலேயே பிரித்துக் கட்டிய பட்டாணி சாட்சிக்கு உதவாது. விரலால் அழுத்தினால் உதிர்கிற சின்னக் கட்டி பரவாயில்லை.

இப்படிக் குலுக்கிக்கொண்டு திரிந்ததில் ஒரு கடைக்காரர், "என்ன சார், கிலுகிலுப்பையா வாங்க வந்தீங்க?" என்றார். பேச்சு வளர்ந்தது. ராத்திரி கடை சாத்தும்போது ஃப்ரீசர் சுவிட்சை அணைத்துவிடுவதாகச் சாதாரணமாகவே சொன்னார். "நைட்டு யாரு சார் தொறக்கப் போறா? கூலிங் அப்புடியே நிக்கும். கரண்டு பில்லு எனக்குத்தானே தெரியும்."

அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. நிறைய சரக்கோடு மூடியே இருக்கும் ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை, பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் என்று அமெரிக்க விவசாயத் துறையே சொல்கிறது. காரணம் இது: ஒரு கிலோ ஐஸ் உருக சுமார் 334 கிலோஜூல் சூடு வேண்டும். அதே தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் சூடு அது. ஐஸ் அவ்வளவு பிடிவாதம். நம் துறைமுகத்து மீன் பொட்டி ஓடுவதும் அந்தப் பிடிவாதத்தில்தான். ஆனால் இந்தக் கடைக்காரரின் ஃப்ரீசருக்கு மேல்மூடி கண்ணாடி, உள்ளே கால்வாசிகூட சரக்கு இல்லை. முழுசா உருகாவிட்டாலும் தினமும் வெப்பம் ஏறி இறங்குவதே படிகங்களை வளர்க்கும். பாக்கெட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பனித்தூள் கிடக்கிறதே, அது வெளியிலிருந்து வந்ததில்லை. சாப்பாட்டிலிருந்து கிளம்பிய தண்ணீர். பீட்சா பேஸ் தோலாவது அதனால்தான்.

பெரிய டீப் ஃப்ரீசர்களில் உள்சுவரில் ஒரு கோடு போட்டிருக்கும், சரக்கு அதுக்கு மேலே போகக்கூடாது என்று. விசேஷ நாட்களில் கோட்டுக்கு மேலே கோபுரமாகக் குவித்திருப்பார்கள். கோபுரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? எல்லாப் பொருளும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஃப்ரோஸன் பரோட்டா நல்ல மன்னிக்கும் குணம் உள்ளது. மைதாவும் கொழுப்பும்தான், கிழிந்துபோக காய்கறி மாதிரி செல் சுவர் கிடையாது. கொஞ்சம் ஏற்ற இறக்கம் தாங்கும். பட்டாணியும் ஸ்வீட் கார்னும் குலுக்கிப் பார்த்துத் தாராளமாக வாங்கலாம். மோமோ ஒட்டினால் பிரிக்கும்போது தோல் கிழிந்துவிடும், பார்த்தாலே தெரியும். ஐஸ்க்ரீம்தான் மகா ரோஷக்காரர். ஒரு தடவை உருகினால் உள்ளே அடித்து வைத்த காற்று போய்விடும், நாக்கில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். சிக்கன், மீன் வகையறாவில் ஒட்டியிருந்தால் நான் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஃப்ரோஸன் இறால் நம்ம ஊருக்குத் தேவையே இல்லை. வெளியூரில் வாங்குகிறவர்கள், காயாமல் இருக்க இறால் மேல் பூசும் ஐஸ் உறைக்கும் சேர்த்து எடைபோட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது, பொருள் பட்டியலின் முதல் நாலு வார்த்தை போதும். எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. பீட்சாவில் 'மொசரெல்லா சீஸ்' என்று இருக்கிறதா, 'அனலாக்' என்று இருக்கிறதா? அனலாக் என்றால் பால் கொழுப்புக்குப் பதில் பெரும்பாலும் தாவர எண்ணெய். விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் சீஸ் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஐஸ்க்ரீம் பக்கத்தில் 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று பொடியாக எழுதியிருப்பதும் இதே கதைதான். வெறும் 'ஐஸ்க்ரீம்' என்று எழுத குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும். இந்த வித்தியாசத்தை வைத்து அமுல் எடுத்த விளம்பரத்துக்கு எதிராக 2017-ல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றம் போய்த் தடையே வாங்கியது. பொடி எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

பீட்சாவுக்கு என் தீர்ப்பு: காரைக்காலில் முழு ஃப்ரோஸன் பீட்சா வாங்காதீர்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்பவர்கள் குறைவு, அதனால் ஃப்ரீசரில் அது கிடக்கும் நாள் அதிகம். மொசரெல்லா கட்டி வேகமாக விற்பனையாகும் கடையைக் கண்டுபிடித்து அதை மட்டும் வாங்குங்கள். ரெண்டு பீட்சா பேஸ், நாலு தக்காளி, பூண்டு இருந்தால் வேலை முடிந்தது. வீட்டில் அவன் இல்லையென்றால் கனமான தோசைக்கல் போதும். பேஸின் ஒரு பக்கத்தை முதலில் காய வைத்து, திருப்பிப்போட்டு, காய்ந்த பக்கத்தில் சட்னி மாதிரி வதக்கிய தக்காளியும் சீஸும் வைத்து, மூடி போட்டுச் சின்னத் தீயில் விடுங்கள். முழு ஃப்ரோஸன் பீட்சா தோசைக்கல்லில் ஏன் கருகுகிறது என்றால் அதே 334 கிலோஜூல்தான்: மேலே ஐஸ் உருகி முடிப்பதற்குள் கீழே கரி. அவன் இருப்பவர்கள் நன்றாகச் சூடாக்கிவிட்டு, உருக விடாமல் நேராக உள்ளே வைக்க வேண்டும்.

வாங்குவதைக் கடைசியாக வாங்கி, செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி, பையில் பால் பாக்கெட்டோடு நெருக்கி வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திரத்தை வைத்து ஃப்ரீசரின் குளிரை எடைபோடாதீர்கள். அது கரண்டு செலவுக்கான நட்சத்திரம். ஐஸ் உறைகிறது என்பதால் மட்டும் மைனஸ் 18 என்று அர்த்தம் இல்லை.

வீட்டு ஃப்ரீசருக்கு லாக் ஃபைல் வேண்டுமானால் ஒரு டம்ளரில் தண்ணீர் உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி, அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி உறைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் மூணு நாள் கரண்டு இல்லை. அப்போது இந்த வித்தை தெரியாது. கரண்டு வந்ததும் எல்லாம் மறுபடி கல்லாக உறைந்தது, நல்லாத்தானே இருக்கு என்று சாப்பிட்டோம்.

சுவிட்ச் அணைக்கும் கடைக்காரர் இன்னும் அணைக்கத்தான் செய்கிறார். ஆனால் போன வாரம் போனபோது பட்டாணிப் பாக்கெட்டுகளை அவரே குலுக்கி, செங்கலானவற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "விநியோகஸ்தர்கிட்ட திருப்பிக் குடுக்கப் போறேன் சார், வரும்போதே இப்புடித்தான் வந்துச்சு" என்றார். ஜூலையில் அக்கா வருகிறார். மொசரெல்லா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வண்டி வந்த அன்றைக்கே போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.