சட்டையைக் கழற்றினால் மஞ்சள் கார்டு... குட்டிக்கரணம் போட்டால்?

அக்டோபர் 14, 2014. மிசோரம் பிரீமியர் லீக் போட்டி. சான்மாரி வெஸ்ட் அணிக்கு எதிராக 62-வது நிமிடத்தில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார், பெத்லகேம் வெங்த்லாங் அணி வீரர் பீட்டர் பியாக்சாங்சுவாலா. வயது 23. சந்தோஷத்தில் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்தவர், நிலை தவறி விழுந்தார். தண்டுவடத்தில் பலத்த அடி. அக்டோபர் 19-ம் தேதி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

கோல் கொண்டாட்டத்துக்குத் தண்டனை கொடுக்கலாமா என்று விவாதிப்பவர்கள் இவரை மறக்கக் கூடாது. ஏனென்றால், அவர் செய்தது விதிப்படி தவறே இல்லை.

விதி என்ன சொல்கிறது?

கோல் அடித்தவர் கொண்டாடலாம், ஆனால் அளவு மீறக் கூடாது என்கிறது கால்பந்தின் 12-வது விதி. சட்டையைக் கழற்றினாலோ, அதைத் தலையில் போட்டு மூடினாலோ, முகமூடி அணிந்தாலோ, மைதான வேலியில் ஏறினாலோ, எதிரணியைச் சீண்டினாலோ மஞ்சள் கார்டு. அந்த கோலே செல்லாது என்றாலும் கார்டு ரத்தாகாது. குட்டிக்கரணம் இந்தப் பட்டியலில் இல்லை.

2022 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கோல் அடித்த கேமரூன் கேப்டன் வின்சென்ட் அபுபக்கர், சட்டையைக் கழற்றினார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் கார்டு வாங்கியிருந்தவர் அவர். நடுவர் சிரித்தபடி கை குலுக்கிவிட்டு, இரண்டாவது மஞ்சளையும் சிவப்பையும் காட்டி வெளியே அனுப்பினார். தண்டிப்பவருக்கே சிரிப்பு வருகிறது என்றால், அது என்ன குற்றம்?

நேரம் வீணாகிறது என்பது விதியை ஆதரிப்பவர்களின் வாதம். வீணாகும் நேரத்தைத்தான் ஆட்ட முடிவில் சேர்த்துக் கொடுக்கிறார்களே!

எது குற்றம்?

2013-ல் கிரீஸின் ஏ.இ.கே. ஏதென்ஸ் வீரர் யோர்கோஸ் கடிடிஸ், கோல் அடித்துவிட்டு நாஜி பாணியில் சல்யூட் வைத்தார். அர்த்தம் தெரியாது என்றார். ஆனாலும், தேசிய அணிகளில் ஆட அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. லட்சக்கணக்கானோரின் காயத்தைக் கீறும் செயல் அது. நம் ஐ.பி.எல்-லிலும், 2024-ல் அவுட்டான மயங்க் அகர்வாலுக்குப் பறக்கும் முத்தம் கொடுத்த ஹர்ஷித் ராணாவுக்கு அபராதம் விழுந்தது. இரண்டிலும் எதிரே ஒருவர் அவமானப்படுகிறார். தண்டனைக்கு அதுதான் எல்லைக்கோடாக இருக்க வேண்டும். தன் மகிழ்ச்சியில் தானே சட்டையைக் கழற்றுபவர் யாரையும் அவமதிக்கவில்லை.

அப்படியானால் குட்டிக்கரணத்தைத் தடை செய்யலாமா? விழுந்த பிறகு காட்டும் கார்டால் பயனில்லை. பயிற்சி மைதானத்திலேயே சொல்லித் தர வேண்டிய விஷயம் அது.

கார்டு இல்லாமல் கட்டுப்பாடு நிற்குமா? கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்தைப் பாருங்கள். வீடுகளும் கோயில்களும் ஒட்டியே இருப்பதால், ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. மலைப்பாதையில் நடந்து வரும் வெளியூர்க்காரர்களும் காரணம் தெரிந்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். விசில் ஊத அங்கே நடுவர் இல்லை.

அடுத்த முறை ஒரு சிறுவன் கோல் அடித்துவிட்டு அந்தரத்தில் பாயப் பார்த்தால், பயிற்சியாளர் அதட்ட வேண்டாம். அருகில் உட்காரவைத்து, பீட்டரின் கதையைச் சொன்னால் போதும்.