அறுபது ஆண்டு காத்திருந்த போத்தல்

நண்பர்கள் கூடி மது அருந்தினர் என்றால், நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது ஆரவாரமும் தள்ளாட்டமும் நிறைந்த காட்சியே. சென்ற மார்கழி மாதத்தில், இங்கிலாந்தின் மேற்குப் புறத்துச் சிற்றூரொன்றிலே, பழைய நண்பர் ஒருவரின் இல்லத்தில் நான் கண்டதோ அதற்கு முற்றிலும் மாறானது. ஆறு பேர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருந்தோம். நடுவே மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. நண்பர் போத்தலொன்றின் கழுத்தைச் சுடருக்கு நேரே பிடித்து, அதிலிருந்த வைனைக் கண்ணாடிக் குடுவையொன்றினுள் மெல்ல மெல்லச் சாய்த்தார். எவரும் பேசவில்லை. குழந்தைக்கு மருந்து வார்க்கும் தாயின் முகத்திற்கூட அத்தனை கவனத்தை நான் கண்டதில்லை.

நான் மதுப்பழக்கம் உடையவனல்லன். அதற்குப் பரிந்து பேசவும் வரவில்லை. ஆயினும் அன்றிரவு கண்டதை எழுதாமல் இருக்க மனம் இடந்தரவில்லை.

போர்ட் வைன், போர்த்துக்கல் நாட்டின் வடபகுதியில், டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து செய்யப்படுவது. அங்கே மலைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டிக் கொடி நட்டிருக்கிறார்கள். பழங்களைக் கொய்து, அகன்ற கற்றொட்டிகளிற் கொட்டி, தோளோடு தோள் சேர்ந்து நின்று காலால் மிதிப்பர். இயந்திரங்கள் வந்த பின்னரும் சிறந்த வைனுக்கு இவ்வழக்கம் பல தோட்டங்களில் அற்றுப்போகவில்லை. சாறு புளித்துப் பொங்கி வருகையில், அதன் இனிப்பு முழுவதும் மதுவாக மாறுமுன், திராட்சையிலிருந்து வடித்த கடுஞ்சாராயத்தை அதனுட் சேர்ப்பர். புளிப்பு அத்துடன் நின்றுவிடும். இனிப்பு எஞ்சும், மதுச்சத்தும் நூற்றுக்கு 20 வீதமளவில் இருக்கும்.

விளைவது போர்த்துக்கலிலேனும் இதனைப் போற்றி வளர்த்தவர் ஆங்கிலேயரே. பிரான்சுடன் ஓயாது பகைத்திருந்த காலத்தில், 1703ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்றினால், போர்த்துக்கேய வைனுக்குப் பிரெஞ்சு வைனிலும் மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வை விதித்தனர். வியாபாரம் பெருகவே கலப்படமும் பெருகிற்று. 1756இல் போர்த்துக்கேய முதன்மந்திரி பொம்பால், எந்நிலத்து வைன் போர்ட் ஆகலாம் என எல்லையே வகுத்துவிட்டார்.

பெரும்பாலான போர்ட் வைன் மரப்பீப்பாய்களில் முதிர்ந்து, அருந்தும் பக்குவத்திலேயே கடைக்கு வருகிறது. 'விண்டேஜ்' எனப்படுவது வேறு. ஒரே ஆண்டின் மிகச் சிறந்த விளைச்சலை மாத்திரம் வைத்துச் செய்வது. பத்தாண்டுகளில் ஏறக்குறைய மூன்று முறையே வணிகர் அவ்வாறு அறிவிப்பர். பீப்பாயில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு கிடந்ததும் போத்தலில் அடைபட்டு, இருளிலே இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் படுத்துக் கிடக்கும். அதன் பக்குவத்தை இடையிற் பார்க்க வழியில்லை. திறந்தால் அன்றே முடிக்க வேண்டியதுதான்.

ஆகவே வாங்குபவர் பெரும்பாலும் தமக்காக வாங்குவதில்லை. செல்வக் குடும்பங்களில் ஞானப்பிள்ளை பிறந்தால் ஒரு 'பைப்', அதாவது ஏறத்தாழ 550 லீற்றர் கொண்ட பெரும் பீப்பாயளவு, அப்பிள்ளையின் பேரில் வாங்கிவைக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. எழுநூறு போத்தலுக்கு மேல்! என் நண்பரின் தந்தையார் அவ்வளவு வசதியுள்ளவரல்லர். மகன் பிறந்த 1963 நல்ல விளைச்சல் கண்ட ஆண்டாக அமையவே, ஒரு பன்னிரண்டு போத்தல்களை வாங்கிப் படிக்கட்டின் கீழ் வைத்தார். மகனின் இருபத்தோராவது பிறந்தநாளில் ஒன்று, திருமணத்தன்று இரண்டு, தந்தையார் மறைந்த அன்று ஒன்று எனக் குறைந்து குறைந்து இப்போது எஞ்சியவை இரண்டு. அவற்றில் ஒன்றே அன்றிரவு திறக்கப்படுவது.

முதலில் 1994ஆம் ஆண்டு வைனைச் சுவைத்தோம். அது அவர்கள் மகள் பிறந்த ஆண்டு. அப்பெண்ணும் எம்மோடு அமர்ந்திருந்தாள். மையைப் போன்ற கருஞ்சிவப்பு. நாவிலே நாவற்பழத்தின் துவர்ப்பு. அடுத்தது 1977. நிறம் செங்கற்பொடியளவுக்குத் தெளிந்து, உலர்ந்த அத்திப்பழத்தின் வாசனை வீசிற்று. எனக்கு அதுவே பிடித்திருந்தது என்று சொன்னேன். அறியாதவன் சொன்னது எனக் கருதினரோ என்னவோ, எல்லோரும் புன்னகைத்தனர்.

பின்னரே மெழுகுதிரியின் முன் 1963 வந்தது. அதில் பெயர்ச்சீட்டு இல்லை; வெண்சாயக் கீற்றொன்று மாத்திரம் இருந்தது. போத்தலை எந்நாளும் அக்குறி மேலிருக்குமாறு கிடத்துவர். மண்டி எதிர்ப்பக்கத்திற் படிந்து கட்டியாகிவிடும். அந்த மண்டி கழுத்துக்கு வருமுன் நிறுத்தவே சுடரின் வெளிச்சம். நண்பர் தவறாமல் நிறுத்தினார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுசென்றவர், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

மழையில் நனைந்த பழைய புத்தகக் கட்டின் நெடி! தக்கையில் ஒருவகைப் பூஞ்சணத்தால் உண்டாகும் கேடு அது. மிக நுண்ணிய அளவே ஒரு போத்தலைக் கெடுத்துவிடப் போதும். வைத்தவர் மீதும் குற்றமில்லை, காத்தவர் மீதும் குற்றமில்லை. அறுபதாண்டும் அது அவ்வாறே கிடந்திருக்கிறது.

“போகட்டும், மற்றது இருக்கிறது, இன்னொரு நாள் பார்ப்போம்” என்றார் நண்பர். அப்போது அவர் மனைவியார் எழுந்துசென்று அந்த மற்றப் போத்தலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மண்டி அடியில் இறங்கட்டுமென்று, கணவருக்குத் தெரியாமல் இரண்டு நாட்களுக்கு முன்னரே அதனையும் நிமிர்த்தி வைத்திருந்தாராம். “இன்னும் யாருக்காக வைத்திருக்கப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்டதற்கு நண்பரிடம் விடை இருக்கவில்லை.

இம்முறை அவர் திருகாணியைத் தொடவில்லை. தந்தையாரின் இரும்பு இடுக்கியைப் பழுக்கக் காய்ச்சி, போத்தற் கழுத்தைச் சற்று நேரம் கவ்விப் பிடித்து, பின் குளிர்நீரில் தோய்த்த துணியால் ஒற்றினார். மெல்லிய ஒலியுடன் கழுத்து தக்கையோடு வட்டமாய் அறுந்து வந்தது. நைந்த பழந்தக்கை தூளாகி வைனில் விழாதிருக்க இதுவே உபாயம்.

இந்த 1963 நன்றாக இருந்தது. வெளிறிய செம்மை, தேனும் காய்ந்த தோடம்பழத் தோலும் கலந்தாற்போன்றதொரு வாசனை. விழுங்கிய பின்னும் நெடுநேரம் தொண்டையில் நின்றது. 1977இன் வலிமை அதற்கில்லை. இன்னும் பத்தாண்டு வைத்திருந்தால் என்னவாகியிருக்குமோ!

குடுவை இடப்பக்கமாகவே சுற்றிவருதல் அவர்கள் மரபு. என் முன் வந்ததை அடுத்தவருக்கு நகர்த்த மறந்து நான் வாளாவிருந்தேன். “நோர்விச் நகரத்து அத்தியட்சரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் மகள். தெரியாதென்றேன். “மிக நல்லவர், குடுவையை நகர்த்தத்தான் மறந்துவிடுவார்” என்றாள். கஞ்சரை நாசூக்காக இடித்துரைக்க ஆங்கிலேயர் பன்னெடுங்காலமாகக் கையாளும் வார்த்தை இது எனப் பின்னரே அறிந்தேன்.

நள்ளிரவில் விடைபெறும்போது நண்பர் அறுந்த கழுத்தை விளக்கினடியிற் பிடித்து, தக்கையிற் பொறித்திருந்த ஆண்டை மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டின் கீழ் 1994ஆம் ஆண்டுப் போத்தல்கள் இன்னும் ஒன்பது இருக்கின்றன என்று அவள் சொன்னாள்.