எலியாவின் இரண்டாவது மலை

மானம் பார்த்த பூமியில் ஜெபம் என்றால் முதலில் மழைதான். எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் ஐப்பசி பிறந்தும் மேகம் கூடவில்லை என்றால், விசுவாசிகளுக்கு எலியா தீர்க்கதரிசியின் நினைவு வரும். கர்மேல் மலையில் குனிந்து, முழங்கால்களுக்கு நடுவே முகம் புதைத்து, மழைக்காக மன்றாடியவர் அவர்.

வேதாகமத்தில் அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால் அதே எலியா ஓரேப் மலையில் நிற்கிறார். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, நெருப்பு என எதிலும் ஆண்டவர் இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு வந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டு அவர் முகத்தை மூடிக்கொள்கிறார். கர்மேலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட நம் சபைகள், ஓரேபை மறந்துவிட்டன. கேட்பது எப்படி ஜெபமோ, விழிப்போடு காத்திருப்பதும் அப்படியே ஜெபம்.

இந்த விழிப்பு, ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் இன்று மருத்துவமனைகளிலும் செல்போன் செயலிகளிலும் புழங்குகிறது. பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்து, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதைச் சிகிச்சை முறையாக அமைத்தார். அதனால்தான் ‘இது நம்முடையதா?’ என்று விசுவாசிகள் தயங்குகிறார்கள். ஆனால் 4ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தின் பாலைவனத் துறவிகள், எழும் எண்ணங்களைக் கவனித்து, ஒரு சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஜெபித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்கு, அடுப்படியும் ஆராதனைக் கூடமும் வேறு வேறாக இருக்கவில்லை.

திருச்சுழியில் பிறந்த தொடர்பு

இந்த மௌன ஜெபத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்கன் மதுரை மிஷன் 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்து மண்டபசாலையில் பணித்தளம் அமைத்தது. அதே மிஷன் மதுரையில் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். 1896இல் திருவண்ணாமலை சேர்ந்து, ரமண மகரிஷி ஆனார்.

1949 ஜனவரியில் அவரைக் காண வந்தார் ஆன்ரி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி. ரமணரின் மௌனம் அவரை உலுக்கியது. அடுத்த ஆண்டே அவரும் ஜூல் மோன்ஷானினும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். லெ சோ, அபிஷிக்தானந்தர் ஆனார். அவரால் ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர் இயேசு சபைக் குரு ஆமா சாமி. ஜப்பானின் காமகுராவில் ஜென் பயின்று, 1996இல் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் ‘போதி ஜென்டோ’ என்ற தியான இல்லத்தை அமைத்தார்.

தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1989இல் வத்திக்கான் வெளியிட்ட கடிதம், ஜெபத்தை வெறும் உடல், மன உத்தியாகச் சுருக்கக் கூடாது என்று எச்சரித்தது. மற்ற சமயங்களின் தியான முறைகள் உள்ளமைதியோடு கடவுள்முன் வர உதவக்கூடும் என்றும் அதே கடிதம் ஒப்புக்கொண்டது. அமைதி மட்டுமே இலக்கானால் அது மனப்பயிற்சி. அந்த அமைதியில் ஒருவருக்குச் செவிகொடுத்தால் அது ஜெபம்.

காட்டு வேலையிலும்

வெள்ளி முளைக்கும் நேரத்தில் எழுந்து, முதுகு நிமிர்த்தி உட்காருங்கள். மூச்சு உள்ளே போகையில் ‘இயேசுவே’, வெளியே வருகையில் ‘இரங்கும்’. இரண்டாவது மூச்சிலேயே நகைக்கடன் தவணை ஞாபகம் வரும், மகளின் காலேஜ் ஃபீஸ் வரும். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். வந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடி அந்தப் பெயருக்குத் திரும்புங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஜெபம்தான்.

பருத்தி எடுக்கும்போதும் இது முடியும். மடி கட்டி நிரையில் நடக்கையில், காய்ந்த தோட்டின் நுனி விரலைக் குத்தும். அந்தக் குத்தல், சுளையின் மெதுமெதுப்பு, பிடரியில் ஏறும் வெயில்: ஒவ்வொன்றையும் உள்ளபடி உணர்ந்து, அங்கேயே ஆண்டவர் உடனிருக்கிறார் என்று நம்புவது போதும். ஆழ்ந்த மனக்காயமோ தீராத மனச்சோர்வோ உள்ளவர்கள் மருத்துவரையும் பார்க்க வேண்டும். ஜெபம் அதற்குத் தடையல்ல.

மழை கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த மழை ஜெபக் கூட்டத்தில், ‘ஆமென்’ சொன்னதும் எழுந்துவிடாமல் பத்து நிமிடம் மைக்கை அணைத்துவிட்டு எல்லாரும் விழிப்போடு அமர்ந்திருக்கட்டும். நம் தேவையை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவர் பேசுவதற்கும் நேரம் விட வேண்டாமா?