மக்கள்வழியும் மருமக்கள்வழியும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குழித்துறையை ஒட்டி மார்த்தாண்டம் என்னும் ஊர் அமைந்துள்ளது. தேனுக்குப் பெயர்பெற்ற இவ்வூர் முற்காலத்தில் தொடுவெட்டி என்று வழங்கியது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மரின் பெயரையே இன்று அது தாங்கி நிற்கின்றது. 1741ஆம் ஆண்டு குளச்சலில் ஒல்லாந்தரை வென்று புகழ் கொண்ட வேந்தர் அவர். அவர் அரியணை ஏறிய வரலாறு, பிற நாட்டு வரலாறுகளைக் கற்றவர்க்கு வியப்பளிப்பதாகும். அவருக்கு முன் ஆண்டவர் இராமவர்மர். மார்த்தாண்டவர்மர் அம்மன்னரின் மகன் அல்லர். சகோதரி வழியில் வந்த மருமகன் ஆவார். இராமவர்மருக்குப் பப்புத் தம்பி, இராமன் தம்பி என மைந்தர் இருவர் இருந்தனர். தந்தையின் அரசு தமக்கே உரியது என்று கூறி அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் செல்வாக்கு மிக்க பெருமக்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது; தம்பியர் இருவரும் மாண்டனர்.

மைந்தர் இருக்க மருமகன் முடி சூடியது ஏன்? அந்நாட்டு வழக்கம் அதுவே. தந்தையின் உடைமையும் உரிமையும் மகனைச் சேரும் முறையை மக்கள்வழி என்பர். ஓர் ஆண்மகனின் உடைமையும் உரிமையும் அவனுடைய உடன்பிறந்தாளின் மக்களைச் சேரும் முறையை மருமக்கள்வழி என்பர். இம்முறையில் குலம் தாயால் அறியப்படும். தாய், அவள் மகள், அம்மகளின் மகள் எனக் கொடி படர்வது போலக் குடும்பம் பெண்வழியே தழைக்கும். மகன் தன் தாயின் குலத்தைச் சேர்ந்தவனேயன்றித் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவன் அல்லன்.

மருமகன் என்னும் சொல் இங்கு ஆராயத்தக்கது. அச்சொல்லைக் கேட்டதும் மகளின் கணவன் என்னும் பொருளே பலர்க்கும் தோன்றும். ஆயினும், ஓர் ஆண்மகனுக்கு அவன் உடன்பிறந்தாளின் மகனும் மருமகனே ஆவான். உறவு இரண்டாயினும் சொல் ஒன்றாகவே உள்ளது. தமிழ்நாட்டில் மாமன் மகளையோ அத்தை மகளையோ மணத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒருவன் தன் மகளை உடன்பிறந்தாளின் மகனுக்கு மணம் செய்து கொடுத்தால், இரண்டு உறவும் ஒருவனிடமே கூடிவிடும். மருமக்கள்வழிக் குடும்பத்தில் இத்தகைய மணத்தால் மற்றொரு பயனும் விளைந்தது. சொத்துக்கு உரியவனாக வரும் மருமகனையே தன் மகள் மணந்துகொண்டால், தந்தை ஈட்டிய பொருளின் பயனை அவளும் துய்க்க இயலும்.

தமிழில் தந்தையின் உடன்பிறந்தானைப் பெரியப்பா அல்லது சித்தப்பா என்கிறோம். தாயின் உடன்பிறந்தானை மாமா என்கிறோம். ஆங்கிலேயர் இவர்கள் அனைவரையும் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லால் அழைப்பர். தமிழில் சித்தப்பாவின் மகள் தங்கையாவாள். மாமன் மகளோ மணத்திற்குரிய முறைப்பெண் ஆவாள். வட இந்தியாவின் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் மாமன் மகளும் தங்கையாகவே கருதப்படுவாள். அவளை மணத்தல் அங்குத் தகாத செயலாகும். அமெரிக்க அறிஞராகிய லூயிசு என்றி மார்கன் என்பவர் உலக மக்களின் உறவுப் பெயர்களைத் திரட்டி, 1871ஆம் ஆண்டு ஒரு பெருநூலை வெளியிட்டார். அமெரிக்காவின் தொல்குடிகளுள் ஒன்றாகிய செனெக்கா மக்கள் உறவினரை வகுக்கும் முறையும், தமிழர் வகுக்கும் முறையும் பெரிதும் ஒத்திருத்தலைக் கண்டு அவர் வியந்தார். மொழியாலும் நிலத்தாலும் தொடர்பற்ற இரு மக்கள், உறவை மட்டும் ஒரே வகையாகப் பகுத்தெண்ணியுள்ளனர். அச்செனெக்கா மக்களும் குலத்தைத் தாய்வழியே எண்ணுபவர்கள். தலைவரைத் தேர்ந்து நிறுத்தும் உரிமையும், தவறும் தலைவரை நீக்கும் உரிமையும் அவர்தம் குலத்தில் மூத்த பெண்களிடம் இருந்தன.

தாய்வழி முறையை இன்றும் போற்றும் மக்கள் உலகில் உளர். மேகாலயத்தில் வாழும் காசி என்னும் பழங்குடியினரிடையே பிள்ளைகள் தாயின் குலப்பெயரையே பெறுவர். குடும்ப வீடு கடைசி மகளைச் சேரும். முதிய பெற்றோரைப் பேணும் கடமையும் அவளுடையதே. சுமத்திராத் தீவின் மினாங்கபாவு மக்கள் இசுலாமியர். ஆயினும் அவர்தம் முன்னோர் நிலமும் பெருவீடும் தாயிடமிருந்து மகளுக்கே செல்கின்றன. இளைஞர் பிற ஊர்களுக்குச் சென்று பொருளீட்டி வருதல் அங்குப் பழைய வழக்கம்.

இலங்கைத் தமிழரிடையேயும் இவ்வேற்றுமையைக் காணலாம். மட்டக்களப்புப் பகுதியில் மக்கள் பல குடிகளாகப் பிரிந்துள்ளனர். பிள்ளை தன் தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்துகொள்ளுதல் முறையன்று. பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பர். மணமகன் அவ்வீட்டில் வந்து வாழ்வான். யாழ்ப்பாணத்து வழக்கம் வேறு. அதனை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்னும் சட்டமாகத் தொகுத்தனர். தந்தை வழியில் வருவது முதுசம், தாய் கொணர்ந்தது சீதனம், இருவரும் வாழ்நாளில் ஈட்டியது தேடியதேட்டம் எனச் சொத்து அங்கு மூவகைப்படும்.

திருவிதாங்கூர் நாயர் குடும்பங்களில் தாய்வழியினர் பலரும் தறவாடு எனப்படும் பெருவீட்டில் கூடி வாழ்ந்தனர். மூத்த ஆண்மகன் காரணவர் என்னும் பெயரோடு சொத்தை மேற்பார்த்து வந்தார். மணமான பின்னரும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் உரிமை நீங்காது. கணவன் இறந்தாலும் அவளும் அவள் மக்களும் தம் வீட்டிலேயே வாழ்வர். அரச குடும்பத்திலும் பெண்மக்கள் இல்லாதொழியின் வாரிசே அற்றுவிடும். 1900ஆம் ஆண்டு அந்நிலை நேர்ந்தபோது, சேதுலட்சுமிபாய், சேதுபார்வதிபாய் என்னும் இரு சிறுமியரை அரச குடும்பத்தார் தத்தெடுத்தனர்.

மார்த்தாண்டத்திற்குக் கிழக்கே, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களைக் கொண்ட வயல்வளம் மிக்க பகுதி நாஞ்சில் நாடு. அங்கு வாழ்ந்த வேளாளருள் ஒரு பிரிவினர் மக்கள்வழியினர். மற்றொரு பிரிவினர் மருமக்கள்வழியினர். இப்பிற்பிரிவினர் சொத்துரிமையை மருமகனுக்கு அளித்தனர். ஆனால் மனைவி பிறந்த வீட்டை விட்டுக் கணவன் வீட்டில் வந்து வாழ்ந்தாள். இங்கேதான் துன்பம் தோன்றியது. மணந்த நாள் முதல் அவள் அவ்வீட்டில் உழைப்பாள். அவள் பெற்ற பிள்ளைகள் அவ்வீட்டு முற்றத்தில் விளையாடி வளர்வர். கணவன் கண் மூடியதும் வீடும் நிலமும் அவனுடைய மருமகனுக்கு உரியவையாகிவிடும். உகந்துடைமை என்ற பெயரால் கிடைக்கும் சிறு பகுதியைப் பெற்றுக்கொண்டு, தாயும் மக்களும் அவ்வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. உயிரோடிருக்கும்போதே தன் மக்களுக்குப் பொருள் சேர்த்து வைக்கத் தந்தை முயல்வதும், அதனைத் தடுக்க மருமகன் வழக்குத் தொடுப்பதும் இயல்பாயின. குடும்பப் பொருள் நீதிமன்றப் படிக்கட்டுகளில் கரைந்தது.

இத்துயரைக் கண்டு வருந்திய பெரும்புலவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆவார். தேரூரில் 1876இல் பிறந்த அவர், 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலை இயற்றினார். அது 1917ஆம் ஆண்டு முதல் 'தமிழன்' என்னும் இதழில் தொடர்ந்து வெளிவந்தது. ஒரு குடும்பத் தலைவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே கூறுவதாக அந்நூல் அமைந்துள்ளது. படிப்போர் முதலில் நகைப்பர். பின்னர் அந்நகைப்பே இரக்கமாக மாறும். சீர்திருத்தம் வேண்டும் என்னும் குரல் நாட்டில் ஓங்கியது. சேதுலட்சுமிபாய் அரசப் பொறுப்பேற்று ஆண்ட காலத்தில், 1926ஆம் ஆண்டு, நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவியும் மக்களும் உரிமை பெற அது வழிவகுத்தது. சிறுமியாகத் தத்தெடுக்கப்பட்டு மருமக்கள்வழியை நிலைநிறுத்த வந்தவரின் ஆட்சியிலேயே, அவ்வழியைக் குடிமக்கள் கைவிடுதற்குரிய சட்டம் பிறந்தது.

மருமக்கள்வழி தீயது, மக்கள்வழி நல்லது என்று இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. மக்கள்வழிக் குடும்பங்களில் மைந்தர் சொத்தைப் பிரித்துக்கொள்ள, மகளிர் வெறுங்கையராய் நின்றமையும் உண்டு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் இதற்குச் சான்று. தந்தை விருப்ப ஆவணம் எழுதாமல் இறந்தால், மகன் பெறும் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது என்று அச்சட்டம் விதித்தது. மேரி ராய் என்னும் கல்வியாளர் அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என 1986ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. இந்துக் குடும்பங்களின் பொதுச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. 2005இல் இந்திய நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது.

குலத்தைத் தாய்வழியே எண்ணுதலும் தந்தைவழியே எண்ணுதலும் மக்கள் தம் வாழ்க்கைக்கேற்ப வகுத்துக்கொண்ட முறைகளாகும். பிறநாட்டார் முறை வேறாயிருத்தல் கண்டு எள்ளுதல் அறிவுடைமை ஆகாது. நம் முன்னோர் முறை என்பதற்காகவே ஒன்றை மாற்றாது போற்றுதலும் அறமாகாது. ஒரு வீட்டின் தலைவர் மறைந்த மறுநாள், அவ்வீட்டில் உழைத்தவருள்ளும் வளர்ந்தவருள்ளும் எவரேனும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனரா என்று நோக்குதல் வேண்டும். அவ்வாறு ஒருவர் நிற்பாராயின், அம்முறை எத்துணைப் பழைமை வாய்ந்ததாயினும் திருத்துதற்குரியதே. நாஞ்சில் நாட்டு மக்கள் அதனை உணர்ந்து, தம் வழக்கத்தைத் தாமே மாற்றிக்கொண்டனர்.