நேர்ந்துகொண்டது நிறைவேறாதபோது

தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் மாலை வேளைகளில் ஆலய அலுவலக மேசையில் அமர்ந்து, வருகின்ற அன்பர்களுக்கு விவரம் சொல்வது செயற்குழுவில் எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பணி. எத்தனை மணிக்கு வரவேண்டும், குடத்தைக் கட்டுவது எப்படி, விரதம் எத்தனை நாள் என்பவைதாம் பெரும்பாலும் கேள்விகள். ஆனால் ஆண்டுதோறும் ஓரிருவர், மற்றவர்கள் போகும்வரை தூணருகே காத்திருந்து, பிறகு தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "சார், வேண்டிக்கொண்டேன். நடக்கவில்லை. அந்தக் கடனை இன்னும் செலுத்த வேண்டுமா?"

மேசைக்கு முன்னால் நின்றபடி கேட்டு, நின்றபடியே பதில் பெற்றுப் போகக்கூடிய கேள்வியன்று இது. ஆகவே இம்மலரில் சற்று விரித்து எழுத முனைகிறேன்.

ஆசிரியனாக இருந்த பழக்கம், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நேர்தல் என்றால் இசைதல், கொடுத்தல், வேண்டிக்கொள்ளுதல் எனப் பொருள்கள் உண்டு. கடன் என்றதும் இன்று நமக்கு வங்கிதான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் கடமையையே சிறப்பாகக் குறித்தது. காலைக்கடன் என்கிறோம், பிதிர்க்கடன் என்கிறோம். காலைக்கடனுக்காக யாரிடமும் நாம் கைநீட்டிப் பணம் வாங்கியதில்லை! நேர்த்திக்கடனும் அந்த வரிசையில் வரும் சொல் என்றே நான் கொள்கிறேன். 'நீ இதைக் கொடு, நான் அதைத் தருகிறேன்' என்ற வாணிபப் பொருள் எப்படியோ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்படி எழுதும் நானும் அந்த வாணிபத்தைச் செய்தவன்தான். 2019ஆம் ஆண்டின் இறுதியில் என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, வாரத்திற்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. அவர் உயிர் தங்கினால் மூன்று ஆண்டுகள் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். கேள்விப்பட்டதும் அவர் சிரித்தார். "ஏங்க, முருகனிடமும் பேரமா? தேக்கா மார்க்கெட்டில்தான் உங்களுக்குப் பேரம் பேசவே வராதே" என்றார்.

2020 பிப்ரவரி 8ஆம் நாள் முதல் குடத்தை எடுத்தேன். கொவிட் கிருமி நாட்டிற்குள் வந்துவிட்டிருந்த நேரம். முதல் நாள்தான் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியிருந்தார்கள். ஆயினும் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம்வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், அடியார்களோடு நடந்தேன். மே மாதம் அவர் காலமானார். கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம் அது. இறுதிச் சடங்கில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது. முப்பது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டவரை வழியனுப்பப் பத்துப் பேரை எண்ணித் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத இயலவில்லை.

சில மாதம் கழித்து மகள் கேட்டாள்: "அம்மாவே இல்லையேப்பா. இன்னும் இரண்டு குடம் எதற்கு?"

எனக்கு வேறொரு குரல் நினைவுக்கு வந்தது. தைப்பூசம் சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டு முதல் பொது விடுமுறை அன்று. ஆதலால் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் விடுப்பு எழுதிக் கொடுத்து, அது என்ன விழா என்று விளக்கவும் வேண்டியிருக்கும். (நம் சமயத்தைப் பற்றி நான் படித்ததில் பாதி, இந்த விளக்கங்களுக்காகப் படித்ததுதான்.) உடன் பணியாற்றிய சீன நண்பர், கணித ஆசிரியர், ஒருமுறை கேட்டார்: "கடவுள் தம் பங்கைச் செய்யாவிட்டால் நீங்கள் மட்டும் ஏன் செய்யவேண்டும்?" அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரே தொடர்ந்து, தம் தாயாரும் வாட்டர்லூ ஸ்திரீட் குவான் இம் கோயிலில் வேண்டுதல் செலுத்துவார் என்றும், அடுத்திருக்கும் நம் கிருஷ்ணன் ஆலயத்திலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார் என்றும் சொன்னார். தாயாரிடமும் இதே கேள்வியைக் கேட்டாராம். "கேட்பதற்கு மட்டுமா போகிறேன்?" என்றாராம் அந்த அம்மையார்.

மகளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. துக்கம் நேர்ந்த ஆண்டில் எங்கள் குடும்ப வழக்கப்படி குடம் எடுப்பதில்லை. 2021இல் எப்படியும் ஊர்வலம் இல்லை. 2022இலும் இல்லை. முன்பதிவு செய்துகொண்டு டேங்க் ரோட்டிற்குப் போனால், ஆலயத்தாரே ஆயத்தம் செய்துவைத்த பால்குடத்தைத் தருவார்கள். குறித்த நேரத்தில் வரிசையில் நின்று செலுத்தவேண்டும். நடையில்லை, பாட்டில்லை. அந்த இரண்டாவது குடத்தைக் கையில் வாங்கியபோது கோபமாகத்தான் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சந்நிதியில் நின்று, "ஏன் கொண்டுபோனாய்?" என்று கேட்டேன். பதிலொன்றும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் கேட்க முடியாதிருந்த கேள்வியை, கேட்கக்கூடிய ஓரிடத்தில் கேட்டுவிட்டேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

தூணருகே காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் சாமி தண்டிக்குமோ என்று அஞ்சிச் செய்யாதீர்கள். உடல் இடங்கொடாவிட்டால் பிள்ளையோ உடன்பிறந்தவரோ உங்களுக்காக எடுக்கலாம். காவடி முடியாதவர் பால்குடம் எடுக்கலாம். அதுவும் முடியாதவர் அருச்சனையோ அன்னதானத்திற்கு அரிசியோ கொடுக்கலாம். குருக்களைக் கேட்டுச் செய்யுங்கள். நாற்பத்தெட்டு நாள் விரதத்தை நீரிழிவுக்காரர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவேண்டாம். (மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிச் சென்றிருக்கிறேன்.) கோபம் இருந்தால் கோபத்தோடே வாருங்கள். முருகனும் ஒரு மாம்பழத்திற்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவன்தானே!

2023 பிப்ரவரி 5ஆம் நாள் ஊர்வலம் மீண்டும் நடந்தது. மூன்றாவது குடத்தை எடுத்தேன். முழங்கால் வலியால் வழியில் நான்கு இடங்களில் நின்றேன். 'எதற்கு' என்று கேட்ட மகள் தண்ணீர்ப் புட்டியோடு கூடவே வந்தாள். பாலைச் செலுத்திவிட்டு வெளியே வந்ததும் காலிக் குடத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். திருமணச் சீராக வந்த குடம். அடியில் என் மனைவியின் பெயரைப் பொறித்திருந்தார்கள். அதை நானே மறந்திருந்தேன். அடுத்த ஆண்டு தானும் ஒரு குடம் எடுக்கலாமா என்று அவள் கேட்டாள். "என்ன வேண்டுதல்?" என்றேன். "வேண்டுதல் ஒன்றும் இல்லைப்பா" என்றாள்.

இந்த ஆண்டும் மாலை ஏழு மணிக்குமேல் அந்த மேசையில் இருப்பேன். கூட்டம் குறைந்தபின் வரலாம். நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறோம்.