மின்னஞ்சல் மனுவிற்கு ஏற்றது கைப்பேசியா, மடிக்கணினியா?

எண்ணூரிலும் அதற்கு வடக்கே பொன்னேரித் தாலுகாவிலும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் விளைநிலங்களுக்கு அருகே ஏற்பட்டிருக்கின்றன. 2006-ஆம் வருஷத்திய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுஜனக் கருத்துக் கேட்க வேண்டிய திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் அளித்தல் வேண்டும். நிலமுடையோர் கூட்டத்தில் பேசுவதோடு எழுத்து மூலமாகவும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பில் மின்னஞ்சல் முகவரி கண்டிருப்பின் அவ்வழி விரைவானது.

கைப்பேசியின் அனுகூலம்: காட்டுப்பள்ளித் துறைமுக விரிவுத் திட்டத்திற்கு 2021 ஜனவரி 22-ஆம் தேதியும், பின்னர் 2023 செப்டம்பர் 5-ஆம் தேதியும் கூட்டம் குறிக்கப்பட்டு, இருமுறையும் ஒத்திவைக்கப்பட்டது. இத்தகைய மாறுதலைத் தெரிவிக்கும் அஞ்சலை வயல் வரப்பிலிருந்தே பார்ப்பதற்குக் கைப்பேசியே உகந்தது. வெள்ளம் தேங்கிய நிலத்தைப் படமெடுத்து உடனே அனுப்பவும் அதுவே ஏற்றது. படத்துடன் தேதியையும் சர்வே எண்ணையும் எழுதுதல் அவசியம்.

மடிக்கணினியின் அனுகூலம்: மதிப்பீட்டறிக்கை பல நூறு பக்கங்கள் கொண்டதாயிருக்கக்கூடும். அதிலுள்ள அட்டவணைகளையும் வரைபடங்களையும் சிறு திரையில் படிப்பது கண்ணுக்கு வருத்தம், பிழைக்கும் இடமுண்டு. அறிக்கையை ஒரு பக்கமும் மனுவை மறுபக்கமும் வைத்து, பக்க எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவதற்கு மடிக்கணினியே தக்கது. பட்டா, அடங்கல், படங்கள் ஆகியவற்றைப் பெயரிட்டு ஒழுங்காக இணைக்கவும் அதில் எளிது. ஜிமெயிலில் ஓர் அஞ்சலுடன் இணைப்பவை மொத்தம் 25 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது.

இரண்டையும் சேர்த்து ஆளும் முறை: அஞ்சல்கள் கருவியில் மட்டுமன்றிச் சேவை நிறுவனத்தின் கணினியிலும் இருக்குமாறு அமைத்திருந்தால், ஒரே கணக்கை இரண்டிலும் திறக்கலாம். கைப்பேசியில் தொடங்கிய வரைவை மடிக்கணினியில் முடிக்கலாம். மடிக்கணினிக்குத் தனி இணைய வசதி இல்லாவிடில், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் இணைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குடியானவரும் மடிக்கணினி வாங்க வேண்டுமென்பதில்லை. உறவினரிடமோ ஊராரிடமோ ஒன்றிருப்பின், மனு எழுதும் நாளில் மட்டும் பயன்படுத்தலாம். பிறர் கருவியில் கடவுச்சொல்லைப் பதிந்து வைக்கலாகாது. வேலை முடிந்ததும் கணக்கினின்று வெளியேறிவிட வேண்டும்.

கடைசி நாள்வரை காத்திராமல் சில தினங்கள் முன்னதாகவே அனுப்புவது நலம். அனுப்பிய அஞ்சல் திரும்பி வந்ததா என்று கைப்பேசியில் கவனித்து, அதன் அச்சுப்பிரதி ஒன்றை நிலப் பத்திரங்களுடன் வைத்தல் வேண்டும். பார்ப்பதற்குக் கைப்பேசி, எழுதுவதற்கு மடிக்கணினி என்று வகுத்துக்கொள்வோருக்கு 30 நாள் அவகாசம் வீணாகாது.