அடுத்த வீட்டாருக்கு ஆற்றும் தொண்டு



நமக்கு ஆபத்து நேரும்பொழுது முதலில் ஓடிவரக்கூடியவர் யார்? உடன்பிறந்தவர் வேறு ஊரில் இருக்கலாம். உற்ற நண்பர் வேலையில் இருக்கலாம். சுவருக்கு அப்பால் இருப்பவரோ, குரல் கொடுத்தால் கேட்கும் தொலைவில் இருக்கிறார். அவருக்கு நாம் செய்யும் உதவியைப் பற்றியும், அதனால் விளையும் பயனைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

தோட்டப்புற லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்றால் பக்கத்து வீட்டு அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். ஒரு வீட்டில் இழவு என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று அடுத்த வீட்டில்தான் சோறு. மலாய்க் கம்பங்களில் இத்தகைய கூட்டுப்பணிக்குக் 'கோத்தோங் ரோயோங்' என்று பெயர். கால்வாயைத் துப்புரவு செய்யவும், கல்யாணச் சமையலுக்குக் கைகொடுக்கவும் எல்லாரும் கூடுவார்கள். கூலியும் கிடையாது, கணக்கும் கிடையாது.

இன்று நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். வீடுகள் நெருங்கிவிட்டன, வீட்டார் விலகிவிட்டார்கள். மின்தூக்கியில் நாள்தோறும் சந்திப்பவரின் பெயர்கூடத் தெரிவதில்லை. 'அதனால் என்ன குறைந்துவிட்டது?' என்று சிலர் கேட்கலாம். இரண்டு செய்திகளைக் கூறுகிறேன்.

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக, மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. 2021 ஜூன் மாதத்தில் மீண்டும் கடுமையான முடக்கம். நாட்கூலி பெற்றுவந்தவர்களின் வருமானம் நின்றது. பசி வீட்டுக்குள் நுழைந்தது. ஆயினும், உழைத்து உண்டு பழகியவர்கள் கையேந்தக் கூசினார்கள். அப்பொழுது மக்களிடமிருந்தே ஒரு வழி பிறந்தது. உதவி தேவைப்படுவோர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும். வாய் திறந்து கேட்க வேண்டாம். கொடியைக் கண்ட அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த இனம், எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. இதில் நமக்கொரு பாடம் உண்டு. உதவி என்பது பொருளை மட்டும் கொடுப்பதன்று. பெறுகிறவரின் மானத்தையும் காப்பது.

அடுத்த செய்தி சிங்கப்பூரைப் பற்றியது. ஒருவருக்குத் திடீரென இதயத்துடிப்பு நின்றுவிட்டால், உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துவிடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் சாலையைக் கடந்துதானே வர வேண்டும்? இதனை எண்ணியே சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2015ஆம் ஆண்டில் 'மைரெஸ்பாண்டர்' என்னும் கைப்பேசிச் செயலியைத் தொடங்கியது. அருகில் யாருக்கேனும் மாரடைப்பால் துடிப்பு நின்றால், அக்கம்பக்கத்தில் உள்ள தொண்டர்களுக்கு அது செய்தி அனுப்பும். அவர்கள் ஓடிச் சென்று, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தி, இரத்த ஓட்டத்தை நிலைநிறுத்த முயல்வார்கள். ஊதியம் இல்லாத பணி இது. ஆனால் அதன் விலை ஓர் உயிர்.

சரி, இப்படி உதவுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, மனநிறைவு. பிறருடைய துயரைத் துடைக்கும்பொழுது நம் கவலையின் பாரமும் சற்றுக் குறைகிறது. இரண்டாவது, நம் பிள்ளைகள் அதைக் காண்கிறார்கள். நூறு அறிவுரை கற்பிக்காததை, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோகும் ஒரு கிண்ணம் கஞ்சி கற்பித்துவிடும். மூன்றாவது, அச்சம் அகல்கிறது. நம்மை அறிந்தவர் அருகில் இருக்கிறார் என்ற துணிவு, எந்தப் பூட்டும் தராத பாதுகாப்பு.

ஆனால் இந்தப் பயன்களை எண்ணிக் கணக்குப் போட்டு உதவினால், அது வாணிபம் ஆகிவிடும். கொடுப்பதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டினால், பெற்றவர் மறுமுறை பசித்தாலும் வாய் திறக்கமாட்டார். நன்றியை எதிர்பார்த்து உதவுகிறவர், அது கிடைக்காதபோது கசந்துபோவார். அத்துடன் அவருடைய தொண்டும் நின்றுவிடும். ஆகையால்தான் நம் முன்னோர் கைம்மாறு கருதாத உதவியைப் போற்றினார்கள். திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே இதற்கென உள்ளது.

பெரிய செல்வம் இருந்தால்தான் உதவ முடியும் என்று தயங்க வேண்டாம். தனியே வாழும் முதியவரின் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லையா? தட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தாய்க்குக் காய்ச்சலா? அவருடைய பிள்ளையையும் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். இவற்றுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

நேயர்களே, உங்கள் அடுத்த வீட்டாரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று மாலையே கேட்டறியுங்கள். வெள்ளைக் கொடி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.